இது அனுபவவழி ஆய்வுதானா, எங்கே தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“அனுபவவழி ஆய்வுக் கட்டுரைகள் ஐந்து எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்று வழிகாட்டி சொல்லிவிடுவார். மாணவரும் தலையாட்டிவிட்டு வெளியே வருவார். வந்ததும் முதல் வேலையாக யாரையாவது பிடித்து, “அப்படி என்றால் என்ன?” என்று கேட்பார். கட்டுரை தேட உதவுவது என் வேலை என்பதால் அந்த ‘யாராவது’ பெரும்பாலும் நான்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அனுபவவழி ஆய்வு என்றால் என்ன?

ஆய்வாளர் ஒன்றைப் பார்த்து, அளந்து, எண்ணி, கேட்டு, அப்படிக் கிடைத்த தரவிலிருந்து ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அது அனுபவவழி ஆய்வு. ‘எம்பிரிகல்’ என்ற சொல்லின் வேர் கிரேக்கம்; அங்கேயும் அனுபவம் என்றே பொருள். தமிழில் அனுபவவழி ஆய்வு, பட்டறிவு ஆய்வு, எம்பிரிகல் ஆய்வு என்று ஆளுக்கொரு பெயரில் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது பட்டறிவு. நம் பழைய அளவை நூல்கள் ஒன்றை அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று பிரிக்கும்: கண்டு அறிவது, ஊகித்து அறிவது, பெரியோர் சொல்லக் கேட்டு அறிவது. இந்த வகை ஆய்வு நிற்பது காட்சியின் மேல்.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயில் விழுந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடியாகப் பிரித்தார். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே இடம். ஆனால் ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொன்றுக்குக் கடல் தண்ணீர், வேறொன்றுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். பழம் தின்ற இருவரும் மளமளவென்று தேறினார்கள். ஆறாம் நாளே ஒருவர் வேலைக்குத் தயார். ஸ்கர்வி ஏன் வருகிறது என்று உட்கார்ந்த இடத்தில் வாதாடியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். லிண்டை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது, இப்படிக் கொடுத்துப் பார்த்ததுதான்.

என் இருபது ஆண்டு ஆசிரியப் பணி அனுபவத்தை எழுதினால் அதுவும் அனுபவவழி ஆய்வுதானே?

இல்லை. தமிழ்ப் பெயர் செய்கிற குழப்பம் இது. இங்கே ‘அனுபவம்’ என்பது வாழ்க்கை அனுபவம் இல்லை. முறைப்படி திரட்டிய தரவு. “பெண் பிள்ளைகள் கணக்கில் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்” என்பது நினைவு. எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், ‘தயக்கம்’ என்று எதைக் குறித்தீர்கள், எப்படிக் குறித்தீர்கள் என்று சொல்லி, இன்னொருவர் அதே வழியில் போய்ப் பார்க்கும்படி எழுதினால் அது ஆய்வாகிவிடும்.

கட்டுரையைத் திறந்ததும் எங்கே பார்க்க வேண்டும்?

முறையியல் பகுதியை. தலைப்பையும் முன்னுரையையும் விட்டுவிட்டு நேராக அங்கே போங்கள். ஆங்கிலக் கட்டுரையில் ‘மெத்தட்ஸ்’, ‘மெத்தடாலஜி’, ‘டேட்டா’ என்று ஏதாவது ஒரு தலைப்பில் இருக்கும். அந்தப் பகுதியிடம் நான் கேட்கும் கேள்விகள் இவ்வளவுதான்: யாரிடம், அல்லது எதில்? எத்தனை? எப்படி? இந்த மூன்றுக்கும் கட்டுரை நேராகப் பதில் சொன்னால் கையில் இருப்பது பெரும்பாலும் அனுபவவழி ஆய்வு. மழுப்பினால் சந்தேகப்படுங்கள்.

முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி அமைப்பு இன்று அறிவியல் இதழ்களில் வழக்கமாகிவிட்டது. அதைக் கண்டால் நல்ல அறிகுறி. ஆனால் அது இல்லாததாலேயே தள்ளிவிடக் கூடாது. மானிடவியல், வரலாறு, பொருளியல் கட்டுரைகள் பல இந்தச் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. மானிடவியலாளர் ஒருவர் பதினெட்டு மாதம் ஒரு மருத்துவமனை வார்டில் உட்கார்ந்திருந்ததை முன்னுரையின் நான்காவது பத்தியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார். தேடிப் பிடிக்க வேண்டியது நம் பாடு.

அட்டவணையும் வரைபடமும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அட்டவணைக்குக் கீழே இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்தது என்று அங்கே எழுதியிருக்கலாம்.

முழுக் கட்டுரை வேண்டாம், சுருக்கத்தை வைத்தே சொல்லிவிட முடியாதா?

பல நேரம் முடியும். நானே கட்டிய இரண்டு சுருக்கங்களைப் பாருங்கள். இரண்டும் உதாரணத்துக்காக மட்டும்.

ஒன்று: “இரவில் கைபேசி பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்கிறது என்ற விவாதம் வலுத்துள்ள நிலையில், இக்கட்டுரை திரைப் பயன்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறது. முந்தைய ஆய்வுகளின் அடிப்படையில் புதிய கருத்துச் சட்டகம் ஒன்று முன்வைக்கப்படுகிறது.”

இரண்டு: “மாணவர்கள் 84 பேர் இரண்டு வாரம் தூக்க நாட்குறிப்பு எழுதினர். அவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்த பாதிப் பேர், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசியை அணைத்துவைத்தனர். தூக்கம் வர எடுத்துக்கொண்ட நேரத்தில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.”

வினைச்சொற்களை மட்டும் பிரித்தெடுங்கள். முதலாவதில் ஆராய்கிறது, முன்வைக்கப்படுகிறது. இரண்டாவதில் எழுதினர், அணைத்துவைத்தனர். ‘ஆராய்கிறது’ என்பது எதற்கும் பொருந்தும் சொல். கவிதைத் திறனாய்வும் ஆராயும், வானியலும் ஆராயும். யாரோ எதையோ செய்த வினை இரண்டாவதில் மட்டுமே இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த ஆய்வு எதிர்பார்த்த வேறுபாட்டைக் காணவில்லை. அதனால் அது அனுபவவழி ஆய்வு இல்லை என்று ஆகிவிடாது. “ரிசல்ட் வரவில்லையே, இதை எடுக்கலாமா?” என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முதலாவதைப் படித்த மாத்திரத்தில் தள்ளிவிடவும் வேண்டாம். சில ஆசிரியர்கள் நல்ல கள ஆய்வைச் செய்துவிட்டுச் சுருக்கத்தை மொழுமொழுவென்று எழுதிவைத்திருப்பார்கள். ஒருமுறை முறையியல் பகுதியை எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புகழ்பெற்ற அறிவியல் கட்டுரை என்றால் அதில் பரிசோதனை இருக்கத்தானே வேண்டும்?

வேண்டியதில்லை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழ். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொல்லும் வாட்சன், கிரிக் கட்டுரை அதில்தான் வந்தது. ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதில் அவர்கள் செய்த பரிசோதனை எதுவும் கிடையாது. பிறர் தரவையும் வேதியியல் தர்க்கத்தையும் வைத்து ஒரு மாதிரியமைப்பைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு அடுத்தடுத்து அதே இதழில் இரண்டு கட்டுரைகள்: ஒன்று வில்கின்ஸ் குழுவினருடையது, மற்றொன்று ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் கோஸ்லிங்கும் எழுதியது. எக்ஸ் கதிர்ப் படங்களும் அளவீடுகளும் அந்த இரண்டில்தான் இருக்கின்றன.

ஆக ஒரே இதழ், ஒரே பொருள், மூன்று கட்டுரைகள். முதலாவது கோட்பாட்டுக் கட்டுரை, மற்ற இரண்டும் அனுபவவழி. எது உசத்தி என்ற கேள்வியே இங்கே எழாது. உங்கள் வழிகாட்டி எதைக் கேட்டார் என்பதுதான் கேள்வி.

மீளாய்வுக் கட்டுரையைச் சேர்க்கலாமா?

இலக்கணக்காரர்கள் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் அனுபவவழி ஆய்வு முதல்நூல், மீளாய்வு வழிநூல். பிறர் செய்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது, தானாகப் புதுத் தரவு திரட்டுவதில்லை. எனவே பொதுவாகச் சேராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முறைசார் மீளாய்வு என்று ஒரு வகை உண்டு. அதற்கு முறையியல் பகுதி இருக்கும், எண்ணிக்கை இருக்கும், வரைபடம்கூட இருக்கும். அவசரத்தில் பார்த்தால் அசல் ஆய்வு போலவே தெரியும். ‘எத்தனை?’ என்று கேட்டுப் பாருங்கள். 43 நோயாளிகள் என்றால் அசல். 43 கட்டுரைகள் என்றால் மீளாய்வு. பல ஆய்வுகளின் எண்களை ஒன்றாக்கிக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸும் (1976-இல் ஜீன் கிளாஸ் வைத்த பெயர்) இதே குடும்பம். இதை மட்டும் சில துறைகளில் அனுபவவழி ஆய்வாகவே ஏற்கிறார்கள், சிலவற்றில் ஏற்பதில்லை. வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆனால் மீளாய்வைக் கண்டால் மூடிவிடாதீர்கள். உங்கள் தலைப்பில் நடந்த அசல் ஆய்வுகளை யாரோ ஏற்கெனவே வரிசையாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். மேற்கோள் பட்டியலைத் திறந்தால் பாதி வேலை முடிந்தது.

எண்களே இல்லாமல் வெறும் நேர்காணல் மட்டும் இருக்கிறதே?

சரிதான், அதுவும் சேரும். பண்புசார் ஆய்வு என்பார்கள். பதினைந்து செவிலியர்களிடம் பேசி, பேச்சை எழுத்தாக்கி, அதில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைப் பிரித்தெடுப்பது முறையான தரவுத் திரட்டல்தான். புள்ளியியல் இருந்தால்தான் ஆய்வு என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நிறையப் பேரிடம் இருக்கிறது.

தரவை ஆசிரியரே திரட்டவில்லை. அரசுப் புள்ளிவிவரத்தை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். அப்போது?

அதை அவர் புதிதாகப் பகுத்து, புதிதாக ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அனுபவவழி ஆய்வுதான். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ முதலில் கையில் எடுத்தது அரசுப் பதிவாளர் அலுவலகத்தின் இறப்புப் பட்டியலைத்தான். பிறகு வீடு வீடாகப் போய் எந்தக் குழாய்த் தண்ணீர் குடித்தார்கள் என்று விசாரித்தார். பட்டியல் அவர் போட்டதில்லை என்பதால் யாரும் அந்த ஆய்வைக் குறைத்துச் சொல்வதில்லை.

‘இரண்டாம் நிலைத் தரவு’, ‘இரண்டாம் நிலை ஆதாரம்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது பிறர் திரட்டிய தரவு. இரண்டாவது பிறர் ஆய்வைப் பற்றிய எழுத்து.

சக ஆய்வாளர் மதிப்பாய்வு பெற்றது என்றால் அனுபவவழி ஆய்வு என்று பொருளா?

இல்லை, இரண்டும் வேறு வேறு சங்கதி. கட்டுரையை வெளியிடும் முன் அதே துறை ஆய்வாளர்கள் படித்து மதிப்பிடுவதுதான் மதிப்பாய்வு. மதிப்பாய்வு பெற்ற இதழில் கோட்பாட்டுக் கட்டுரை வரும், மீளாய்வு வரும், தலையங்கமும் நூல் மதிப்புரையும்கூட வரும். தேடும்போது ‘பியர் ரிவ்யூட்’ பெட்டியில் டிக் போட்டால் பெரும்பாலும் இதழைத்தான் வடிகட்டுகிறீர்கள், கட்டுரையின் வகையை அல்ல.

மறுபுறமும் உண்டு. 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ், மருத்துவத்துக்கு 2019-இல் வந்த மெட்ஆர்க்கைவ் போன்ற இடங்களில் மதிப்பாய்வுக்கு முந்தைய கட்டுரைகள் குவிந்துகிடக்கின்றன. அவற்றில் பல அனுபவவழி ஆய்வுகளே. மதிப்பாய்வுதான் இன்னும் ஆகவில்லை.

எந்தத் தரவுத்தளத்தில் தேடுவது?

உங்கள் துறையைப் பொறுத்தது. உளவியல் என்றால் சைக்இன்ஃபோ. கொடுத்துவைத்த துறை: முறையியல் என்ற வடிகட்டியில் ‘எம்பிரிகல் ஸ்டடி’ என்றே ஒரு தெரிவு இருக்கிறது. ஆனால் சந்தா உள்ள நூலகம் வழியாகத்தான் நுழைய முடியும். செவிலியத்துக்குச் சினால், அங்கே ‘ரிசர்ச் ஆர்ட்டிகிள்’ என்ற பெட்டி இருக்கும், அதுவும் சந்தாதான். கல்வியியலுக்கு எரிக். இது எல்லாருக்கும் இலவசம். வெளியீட்டு வகையில் ‘ரிப்போர்ட்ஸ் – ரிசர்ச்’ என்பதைத் தேர்ந்தால் பெரும்பகுதி அசல் ஆய்வுகளாக வரும்.

மருத்துவத்துக்குப் பப்மெட், இதுவும் இலவசம். ‘எம்பிரிகல்’ என்று ஒரு பெட்டி இங்கே கிடையாது. கட்டுரை வகையில் கிளினிக்கல் ட்ரையல், அப்சர்வேஷனல் ஸ்டடி போன்றவற்றைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூகுள் ஸ்காலர் எல்லாரும் முதலில் திறப்பது. அகலம் அதிகம், சல்லடை கிடையாது. மீளாய்வுக் கட்டுரைகளை மட்டும் காட்டு என்று அதனிடம் சொல்லலாம். அசல் ஆய்வுகளை மட்டும் காட்டு என்று சொல்ல வழியில்லை. ஜேஸ்டோரிலும் முறையியல் வடிகட்டி இல்லை.

தேடல் பெட்டியில் என்ன எழுதுவது? ‘எம்பிரிகல்’ என்று போட்டால் சரியாக வரவில்லையே.

வராது. தன் கட்டுரையை ‘அனுபவவழி ஆய்வு’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசிரியர் குறைவு. தோசை சுடுபவர் ‘நான் சமைக்கிறேன்’ என்றா சொல்வார்? தோசை சுடுகிறேன் என்பார். அதுபோல ஆய்வாளர்கள் தாங்கள் செய்ததன் பெயரைத்தான் எழுதுவார்கள்: சர்வே, இன்டர்வியூ, எக்ஸ்பெரிமெண்ட், பார்ட்டிசிபன்ட்ஸ், ரேண்டமைஸ்டு, ஃபோகஸ் குரூப், கேஸ் கன்ட்ரோல். உங்கள் தலைப்புச் சொல்லோடு இவற்றில் இரண்டு மூன்றை ‘ஆர்’ (OR, அதாவது ‘அல்லது’) போட்டு இணைத்துத் தேடுங்கள். எழுதவேண்டியது ஆங்கில எழுத்தில். இந்தத் தளங்கள் அட்டவணைப்படுத்தியிருப்பது பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரைகளைத்தான்.

ஒரு தேடலைக் கூடவே நடந்து பார்க்கலாம். கேள்வி இது: வகுப்பில் கையால் குறிப்பெடுப்பது நல்லதா, மடிக்கணினியிலா? கேள்வியை அப்படியே தட்டச்சு செய்தால் அறிவுரைக் கட்டுரைகளாகக் கொட்டும். நோட் டேக்கிங், லேப்டாப், லாங்ஹேண்ட் என்ற மூன்று சொற்களோடு எக்ஸ்பெரிமெண்ட் அல்லது பார்ட்டிசிபன்ட்ஸ் என்று சேர்த்தால் காட்சி மாறும். 2014-இல் சைக்கலாஜிக்கல் சயின்ஸ் இதழில் முல்லரும் ஓப்பன்ஹைமரும் எழுதிய கட்டுரை மேலேயே வந்து நிற்கும். முறையியலுக்குப் போனால் மாணவர்களை உரை கேட்கவைத்து, சிலரை மடிக்கணினியிலும் சிலரைக் கையாலும் குறிப்பெடுக்கச் சொல்லி, பிறகு கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி மூன்று பரிசோதனைகள். கருத்து சார்ந்த கேள்விகளில் மடிக்கணினிக்காரர்கள் பின்தங்கினார்கள் என்பது முடிவு. சரி, ஒன்று கிடைத்துவிட்டது.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே, அதை மேற்கோள் காட்டியவை என்று ஒரு இணைப்பு இருக்கும். சொடுக்கினால் அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் வரிசையாக வரும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே ‘ரெப்ளிகேஷன்’ (ஒரு ஆய்வைத் திரும்பச் செய்து பார்ப்பது) என்று தேடுங்கள். 2021-இல் அதே இதழில் வந்த அப்படி ஒரு கட்டுரை அகப்படும். முதல் பரிசோதனையை அப்படியே திரும்பச் செய்து பார்த்தவர்கள், மடிக்கணினிக்காரர்கள் அதிகச் சொற்களைத் தட்டியதை மறுபடி கண்டார்கள். மதிப்பெண்ணில் அந்தப் பின்னடைவு அவர்களுக்குத் தென்படவில்லை. ஒரு கட்டுரையைப் பிடித்து, அதன் மேற்கோள் பட்டியல் வழியாகப் பின்னாலும், அதை மேற்கோள் காட்டியவர்கள் வழியாக முன்னாலும் நகர்வதற்கு ஈடான வடிகட்டி எந்தத் தளத்திலும் இல்லை என்பது என் கட்சி.

டிக் போட்டுத்தான் தேடினேன். ஆனாலும் தலையங்கமும் மீளாய்வும் வருகின்றனவே?

வரும். அந்த முத்திரையைக் குத்துவது ஆளோ மென்பொருளோ, இரண்டுமே தவறும். வடிகட்டி வேலையைக் குறைக்கும், முடித்துத் தராது.

கட்டுரை கிடைத்துவிட்டது, ஆனால் பணம் கேட்கிறது.

உடனே அட்டையை எடுக்காதீர்கள். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையின் எல்லாப் பதிப்புகளையும் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசப் படி இருக்கலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி இந்த வேலையைத் தானாகவே செய்யும். மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரலில் பாருங்கள். எதுவும் பலிக்கவில்லை என்றால் ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். என் அனுபவத்தில் (இது வாழ்க்கை அனுபவம்தான், ஆய்வு இல்லை) பலர் சந்தோஷமாக அனுப்பிவைக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் பட்டியல் கேட்டு வாங்கினால் என்ன?

யோசனை கேட்கலாம், பட்டியலை அப்படியே ஒப்படைக்கக் கூடாது. இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பும் ஆண்டும் இதழ்ப் பெயரும் போட்டுத் தரும் பழக்கம் அதற்கு உண்டு. ஒருவர் என்னிடம் கொண்டுவந்த எட்டில் மூன்றை எங்குமே கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணை (கட்டுரையின் நிலையான அடையாள எண்) டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள். எண் வேலை செய்தால் மட்டும் போதாது. திறக்கும் கட்டுரையும் சொன்ன கட்டுரையும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

அனுபவவழி ஆய்வு என்று உறுதியாகிவிட்டால் நம்பிவிடலாமா?

அது வேறு கேள்வி. உளவியல் ஆய்வுகள் 100-ஐ எடுத்து மறுபடி செய்து பார்த்தார்கள்; முடிவு 2015-இல் வெளியானது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க முடிவைத் தந்திருந்தன. மறுபடி செய்தபோது 36 விழுக்காடுதான் தந்தன. அந்த நூறும் அனுபவவழி ஆய்வுகளே.

மோசடி என்பது இன்னொரு வகை. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. யாரிடம், எத்தனை, எப்படி என்ற என் மூன்று கேள்விகளுக்கும் அது கச்சிதமாகப் பதில் சொல்லும். லான்செட் இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010-இல்தான். எனவே பட்டியலை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டுரைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

எல்லாம் பார்த்தும் ஒரு கட்டுரையில் மட்டும் சந்தேகம் தீரவில்லை. என்ன செய்ய?

முறையியல் போலத் தெரியும் பத்தியை மட்டும் வெட்டி, பக்க எண்ணோடு வழிகாட்டிக்கு அனுப்பி, “இதை எடுக்கலாமா?” என்று கேளுங்கள். முழுக் கட்டுரையை அனுப்பினால் பதில் அடுத்த வாரம் வரும். வெட்டுவதற்கு அப்படி ஒரு பத்தியே கிடைக்கவில்லை என்றால் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த கட்டுரையைத் திறங்கள்.